மரங்கொத்தி வாங்காத பால்

உலகத்தில் விடை தெரியாத கேள்விகள் ஆயிரம் இருக்கலாம். கண்ணாடிக்காரருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை கிடையாது. அவர் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். மரங்கொத்தி ஏன் பால் வாங்கவில்லை?

இப்படித் திடுதிப்பென்று ஆரம்பித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. இருங்கள், ஒழுங்காகவே சொல்கிறேன்.

மரங்கொத்தி என்பது இங்கே பறவை இல்லை. சினிமாவில் வருகிற மனிதன். பகலெல்லாம் தபால் ஆபீசில் உட்கார்ந்து கவர் மேல் முத்திரை குத்துவான். ஊருக்கு ஆபத்து என்று சங்கு ஊதினால் போதும், சிவப்புக் கொண்டையும் இரும்பு அலகும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். எதிரே எந்தச் சுவர் வந்தாலும் டொக் டொக்கென்று கொத்தி, ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் போய்விடுவான். பக்கத்திலேயே கதவு திறந்திருந்தாலும் சுவரைத்தான் கொத்துவான். அது அவன் கொள்கை.

மூன்று பாகம் வந்துவிட்டது. மூன்றிலும் சங்கு ஊதுகிற நேரத்தில் அவன் வீட்டில் இருப்பான். "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஓடுவான். உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, சட்டையெல்லாம் சிமென்ட் தூசியோடு வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பி வருவான். அந்த மனைவி ஒரு தடவையாவது "பால் எங்கே?" என்று கேட்க வேண்டுமே! மூச். வா என்பாள், உட்கார் என்பாள். பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

"இது எந்த ஊர் நியாயம்?" என்பதுதான் கண்ணாடிக்காரரின் பிரச்சினை.

கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சொந்தமாகவே கண் பரிசோதனை செய்து, சொந்தமாகவே கண்ணாடி போட்டுவிடுவார். எதிரில் உட்காருகிறவரின் பார்வையில் எள்ளளவு குறை இருந்தாலும் பிடித்துவிடுகிற மனிதர். அதே பழக்கத்தில் சினிமாவையும் பார்ப்பார். கதையில் எங்கே ஓட்டை, எங்கே இடிக்கிறது, முதல் காட்சியில் நனைந்த கொண்டை மறு காட்சியில் எப்படிக் காய்ந்தது? இதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் தெரியாது. அந்தக் கண்ணுக்கு இன்னும் லென்ஸ் கண்டுபிடிக்கவில்லை.

அவருடைய மனைவி ஆறாம் வகுப்பு டீச்சர். காலை முதல் மாலை வரை பிள்ளைகள் சொல்லும் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். பயம் வந்தால் கண்ணாடிக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். நமக்கேன் வம்பு, நாமும் மரியாதையாகவே சொல்லிவிடுவோம்.

முதல் பாகத்தை டிவியில் போட்டபோது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் பார்க்க உட்கார்ந்தார்கள். ரிமோட் கண்ணாடிக்காரர் கையில். அங்கேதான் தப்பு நடந்தது. "இங்க பாரு, கடிகாரத்துல மணி மாறிப்போச்சு" என்று படத்தை நிறுத்தினார். "இப்பப் பாரு, கைக்கட்டு இடது கையில இருந்தது வலது கைக்கு வந்துடுச்சு" என்று பின்னால் ஓட்டினார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் படம் இடைவேளைக்கே வந்து சேரவில்லை. டீச்சர் எழுந்தார். டிவியை அணைத்தார்.

"இனிமே இந்த வீட்டுல அந்தப் பறவை பேச்சே எடுக்கக் கூடாது."

"ஏம்மா, நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது?"

"போச்சா? எங்க போச்சு? நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டிருந்தது."

டீச்சருக்கு மரங்கொத்தியைப் பிடிக்கவில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டினார். பிடிக்காதது மரங்கொத்தியைத்தானா என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தவரிடம் டீச்சர் சொன்னார்: "டாக்டர் போன் பண்ணினாரு. உங்க ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்தாராம். நீங்க கட்டாயம் நடக்கணுமாம்."

"தினமுமா?" கண்ணாடிக்காரர் அலறினார்.

"தினமும் வேண்டாமாம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நடந்தா போதுமாம். ஆனா நல்லா இருட்டற வரைக்கும் நடக்கணுமாம். பாதியில திரும்பி வரவே கூடாதாம்."

எப்பேர்ப்பட்ட டாக்டர்! கண்ணாடிக்காரர் அவர் இருக்கும் திசையை நோக்கிக் கும்பிட்டார். டீச்சரே போய்ப் புது ஷூ வாங்கிவந்து பெட்டியோடு கையில் கொடுத்தார். அன்று முதல் சனிக்கிழமைதோறும் கண்ணாடிக்காரர் வாக்கிங் கிளம்பினார். வீட்டு வாசலில் ஆரம்பித்த வாக்கிங், தெருமுனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் முடிந்தது.

அங்கேதான் சபை கூடும். சபை என்றால் மூன்றே பேர். கண்ணாடிக்காரர், அடுத்த தெருப் பல் டாக்டர், கடைக்குச் சொந்தக்காரரான ஜெராக்ஸ். பல் டாக்டர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே கேட்டுப் பழகியதால் வந்த பழக்கம். வீட்டில் அவர் சொல்லும் சாக்கு, "அவசரமா ஒரு பல் பிடுங்கணும்." ஜெராக்ஸ் எதையும் இரண்டு தடவை சொல்வார். அது தொழில் தோஷம். கல்யாணம் ஆகாதவர் என்பதால் யாருக்கும் எந்தச் சாக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இருவரும் அதற்காகவே அவர் மேல் கொஞ்சம் பொறாமைப்படுவார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காகிதக் கட்டுகள் மேல் உட்கார்ந்து மூவரும் மரங்கொத்தியைப் பிரித்து மேய்வார்கள்.

"சுவரைக் கொத்தறானே, பல்லு என்ன ஆகும்?" என்பார் பல் டாக்டர். "முதல் சுவருக்கே கடைவாய்ப் பல் நாலும் கழண்டிருக்கணும். மூணாம் பாகத்துல சிரிக்கறான், பல்லு முத்து முத்தா இருக்கு. எப்படி?"

"அதை விடு. தபால் ஆபீஸ்ல மூக்குக்கண்ணாடி போட்டிருக்கான். அலகு மாட்டினா கண்ணாடி எங்கய்யா உக்காரும்?" என்பார் கண்ணாடிக்காரர்.

"வில்லன் வரைபடத்தைக் கிழிச்சுடறான், கிழிச்சுடறான். ரெண்டாம் பாகத்துல அதே வரைபடம் முழுசா இருக்கு, முழுசா இருக்கு" என்பார் ஜெராக்ஸ்.

"முன்னாடியே நகல் எடுத்து வெச்சிருப்பான்" என்பார் கண்ணாடிக்காரர்.

"அப்படிச் சொல்லு! அப்படிச் சொல்லு!"

எல்லா ஓட்டையையும் ஒருவாறு அடைத்துவிட்டார்கள். இரண்டு மட்டும் பாக்கி. ஒன்று, பால். இன்னொன்று, வீடு திரும்பும் மரங்கொத்தி ஒவ்வொரு தடவையும் நேராகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறானே, அது ஏன்? உலகத்தைக் காப்பாற்றியவன் தட்டைக் காப்பாற்ற வேண்டுமா?

கூட்டம் கலையும்போது கண்ணாடிக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கழுத்திலும் காலரிலும் தெளித்துக்கொள்வார். வேர்வையாம். வீட்டுக்குப் போனதும் குற்ற உணர்ச்சி வந்துவிடும். பாவம், டீச்சர் தனியாக இருந்திருக்கிறாரே! உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்து, வாரம் முழுவதற்குமான துணிகளைத் தேய்த்து அடுக்கிவிடுவார். டீச்சர் எதுவும் கேட்க மாட்டார். சமையலறைத் தொட்டியில் சில நாள் இரண்டு டீக் கோப்பை கிடக்கும். தனிமையில் பாவம், இரண்டு டீயாகக் குடித்திருக்கிறார் என்று கண்ணாடிக்காரர் இன்னும் இரண்டு துணி கூடத் தேய்ப்பார்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் மூச்சிரைக்க வந்தார்.

"நாலாம் பாகம் வருதே, தெரியுமா? முதல் காட்சிக்கு டிக்கெட் மொத்தமும் வித்துப்போச்சு, தெரியுமா?"

கண்ணாடிக்காரருக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. முதல் காட்சி பார்க்காவிட்டால் என்ன ஆகும்? மறுநாளே கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் கதையைச் சொல்லிவிடுவார்கள். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "கடைசியில யார் சாகறாங்கன்னா..." என்று ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு எப்படி எழுத்தைக் காட்டுவது?

"ஒரு வழி இருக்கு" என்றார் பல் டாக்டர். "தியேட்டர்ல போட்டி வெச்சிருக்காங்க. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். ஒரே கேள்வி. நல்ல பதில் சொல்றவனுக்கு முதல் காட்சிக்கு ரெண்டு டிக்கெட். என்ன கேள்வின்னு நினைக்கறே?"

"என்ன கேள்வி?"

"மரங்கொத்தியோட பொண்டாட்டி ஏன் பால் கேட்கல?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்கலன்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே? சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்றார் ஜெராக்ஸ். கல்யாணம் ஆகாதவர் பேச்சு என்று இருவரும் அதைத் தள்ளிவிட்டார்கள்.

அன்று இரவு கண்ணாடிக்காரர் துணி தேய்த்துக்கொண்டே யோசித்தார். ஒரு பெண்டாட்டி ஏன் கேட்கவில்லை என்பதை இன்னொரு பெண்டாட்டியிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் வீட்டில் பறவை பேச்சுக்குத் தடை இருக்கிறதே! பேர் சொல்லாமல் கேட்டுவிட்டால்? கண்ணாடிக்காரருக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே புல்லரித்தது.

டீச்சர் மேஜையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னிக்குக் கடைக்கு ஒரு கஸ்டமர் வந்தாரு."

"ம்."

"பாவம், ரொம்பக் குழப்பத்துல இருக்காரு. அடிக்கடி பொண்டாட்டிகிட்ட, பால் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வெளியே போவாராம்."

டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

"சரி."

"பால் வாங்காமயே திரும்பி வருவாராம்."

"எங்க போவாராம்?"

"அது... ஏதோ நல்ல காரியத்துக்குத்தான். சமூக சேவை மாதிரி. அதை விடு. அந்தம்மா ஒரு தடவைகூடப் பால் எங்கன்னு கேட்டதே இல்லையாம். ஏன் கேட்கலன்னு இவருக்குத் தூக்கமே வர மாட்டேங்குதாம்."

"இதுல என்ன குழப்பம்?" டீச்சர் அடுத்த தாளை எடுத்தார். "கேட்டா அடுத்த தடவை வாங்கிட்டு வந்துடுவான்."

"வாங்கிட்டு வந்தா நல்லதுதானே?"

"என்ன நல்லது? பால் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? போன வேகத்துல வந்து நிப்பான்."

கண்ணாடிக்காரர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அப்படின்னா அவன் எங்கயோ போறான்னு அவளுக்குத் தெரியும்கறியா?"

"ஃப்ரிட்ஜுல பால் இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா? இருக்கற பாலை வாங்கறதுக்கு ஒருத்தன் ஓடறான்னா, அது பாலுக்கான ஓட்டம் இல்லைன்னு எந்தப் பொண்டாட்டிக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்காளா?"

"இருப்பா. அவன் வாசல் தாண்டினதும் அந்தச் சாய்வு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்குவா. அந்த நீலக் கோப்பையில டீயை ஊத்திக்கிட்டுக் காலை நீட்டி உக்காந்துடுவா. ஐயோ, எவ்வளவு நிம்மதி! அவன் உலகத்தைக் காப்பாத்தறானோ, உள்ளூரைக் காப்பாத்தறானோ, யாருக்கு வேணும்? அவளை அந்தச் சாயங்காலம் காப்பாத்தறான். அது போதாதா?"

"அது சரி." கண்ணாடிக்காரர் தலையாட்டினார். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "அந்த ஆளு திரும்பி வந்ததும் தானாவே போய்ப் பாத்திரம் கழுவுவாராம். அது ஏன்?"

"பொய் சொன்னவன் கை சும்மா இருக்குமா? எதையாவது செஞ்சு சரிக்கட்டிடலாம்னு பார்ப்பான். அவளும் வாயைத் திறக்காம விட்டுடுவா. பால் எங்கன்னு கேட்டா அந்தச் சாயங்காலமும் போச்சு, பாத்திரம் கழுவற ஆளும் போச்சு." டீச்சர் தாளில் ஒரு சுழி போட்டார். "சட்டையைப் பாருங்க, புகையுது."

பதறிப்போய் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார் கண்ணாடிக்காரர். டீச்சருடைய மேல்சட்டையின் கையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மனசு முழுக்க முதல் காட்சி. ஒரே பதிலில் இரண்டு ஓட்டையும் அடைபட்டுவிட்டது! சந்தோஷத்தில் அவர் விசிலடித்துக்கொண்டே மிச்சத் துணியையும் தேய்த்து முடித்தார்.

அடுத்த சனிக்கிழமை ஷூவை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பிய கண்ணாடிக்காரர் நேராகத் தியேட்டருக்குப் போனார். உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் அட்டை அலகு மாட்டியிருந்தார்கள். மேடையில் மேனேஜர் மைக்கோடு நின்றார். ஒவ்வொருவராக ஏறினார்கள்.

பால் கடைக்கு விடுமுறை என்றார் ஒருவர். கூட்டம் ஊளையிட்டது. மனைவிக்கு மறதி நோய் என்றார் இன்னொருவர். மனைவியே வில்லனின் ஒற்றர், பாலைப் பற்றிப் பேசினால் உண்மை வெளிவந்துவிடும் என்றாள் ஒரு கல்லூரி மாணவி. அதற்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. பல் டாக்டர் ஏறி, அந்த அம்மாளுக்குப் பல் கூச்சம் இருப்பதால் பாலே பிடிக்காது என்று ஒரு போடு போட்டார். இறங்கச் சொன்னார்கள்.

கண்ணாடிக்காரர் மைக்கைப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும். கேட்டா அவன் வாங்கிட்டு வந்துடுவான். வாங்கிட்டு வந்தா சீக்கிரம் வந்துடுவான்!"

கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் குபீரென்று சிரித்தார்கள். ஆண்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரருக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஃப்ரிட்ஜில் இருந்த பாலைச் சொன்னார். பாத்திரத்தைச் சொன்னார். டீச்சர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல், சாய்வு நாற்காலி, நீலக் கோப்பை, நீட்டின கால் வரைக்கும் ஒப்பித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பிரமாதம்!" என்றார் மேனேஜர். "ஆனா ஆதாரம் வேணுமே. எந்தப் பாகத்துல வருது அந்த நாற்காலி?"

கண்ணாடிக்காரர் விழித்தார். நாற்காலி எங்கே வருகிறது? அவர் எங்கே பார்த்தார்? அது டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது அல்லவா?

"ரெண்டாம் பாகமா இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

மேனேஜர் கையசைத்தார். விளக்கு அணைந்தது. திரையில் இரண்டாம் பாகம் ஓடியது. சங்கு ஊதுகிறது. "பால் வாங்கிட்டு வந்துடறேன்!" மரங்கொத்தி ஓடுகிறான். கதவு சாத்துகிறது. அடுத்த காட்சி வருவதற்கு முன், கண் மூடித் திறப்பதற்குள், திரையின் ஓரத்தில் ஒரு சாய்வு நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்புகிறது. அதில் மனைவி. கையில் கோப்பை. நீலக் கோப்பை.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டாமல் சிலையாக நின்றவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான்.

"எப்படிய்யா பார்த்தே?" என்று பல் டாக்டர் மேடைக்கே ஓடி வந்து கட்டிக்கொண்டார். "நான் ஏழெட்டுத் தடவை பார்த்தேன், என் கண்ணுல படலையே! உன் கண்ணு கண்ணுதான்யா!"

"ஹி ஹி" என்றார் கண்ணாடிக்காரர். சிரிப்பு வரவில்லை. அந்த நாற்காலியை அவரும்தான் பார்த்ததில்லை. டீச்சரிடம் பாலைச் சொன்னார், பாத்திரத்தைச் சொன்னார். நாற்காலியைப் பற்றி மூச்சு விடவில்லை. ரெண்டாம் பாகம் வீட்டு டிவியில் ஓடியதே இல்லை, அவர் இருக்கும்போது.

அவர் இருக்கும்போது.

டிக்கெட் இரண்டையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. தெருத் தெருவாக நடந்தார். வாங்கிய நாள் முதல் அந்த ஷூ அன்றைக்குத்தான் உண்மையிலேயே நடந்தது. நடக்க நடக்க ஒவ்வொரு ஓட்டையாகத் தெரிந்தது. இரண்டு டீக் கோப்பை. ஒருத்தர் எதற்கு இரண்டு கோப்பையில் டீ குடிக்க வேண்டும்? சனிக்கிழமைதோறும் பல் டாக்டர் வீட்டில் இல்லை. அப்படியென்றால் பல் டாக்டர் சம்சாரம் எங்கே இருப்பார்? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த டாக்டர்! எந்த ஊர் டாக்டராவது சனிக்கிழமை மட்டும் நட, பாதியில் திரும்பி வராதே என்று சொல்வாரா? ஐயோ, ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கதையைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிக்குமே! நனைந்த கொண்டையைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரியவில்லை.

போய் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்று ஆவேசமாக வீட்டுப் பக்கம் திரும்பினார். வாசல் நெருங்க நெருங்க வேகம் குறைந்தது. என்னவென்று கேட்பது? நான் இல்லாதபோது படம் பார்க்கிறாயா என்றால், நீங்கள் எங்கே போனீர்கள் என்பார் டீச்சர். சனிக்கிழமை போய்விடும். காகிதக் கட்டு, பல் டாக்டர், ஜெராக்ஸ், எல்லாம் போய்விடும். வாரம் பூராவும் கடையில் "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கத்திவிட்டு, மனிதன் ஒரு சாயங்காலமாவது வாய்விட்டுப் பேச வேண்டாமா? கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல். மரங்கொத்தியின் மனைவி எவ்வளவு புத்திசாலி என்று அவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

டீச்சர் கதவைத் திறந்தார். ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க, இன்னிக்கு வேர்த்திருக்கு?"

கண்ணாடிக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போனார்.

டிக்கெட்டை எங்கே ஒளிப்பது? அலமாரி, மேஜை, மெத்தைக்கு அடியில் என எல்லாமே டீச்சரின் கை படும் இடங்கள். படாத இடம் ஒன்றே ஒன்று. பரண்மேல் கிடந்த காலி ஷூ பெட்டி. அதில் வைத்து மூடினார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம்தான் முதல் காட்சி. வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டரோடு போய்விடலாம். டீச்சரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவருக்கு அவர் சாயங்காலம், நமக்கு நம் சாயங்காலம். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! அந்த வாரம் கண்ணாடிக்காரர் கடையில் கஸ்டமர்களிடம் அவ்வளவு அன்பாகப் பேசினார், இரண்டு பேர் தேவையில்லாமலே கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை வந்தது. டீச்சர் குளியலறையில் இருக்கும் நேரம் பார்த்துக் கண்ணாடிக்காரர் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு துளித் தூசிகூட விழவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"அங்க என்னங்க பண்றீங்க?"

கீழே டீச்சர். நல்ல உடை உடுத்தி, தலை வாரி, கைப்பையோடு நின்றார்.

"ஒண்ணுமில்ல. ஷூ... ஷூவைத் தேடறேன்."

"காலுல போட்டிருக்கீங்களே."

"அட, ஆமா!"

"அந்தப் பெட்டியை ரெண்டு நாள் முன்னாடிதான் எடுத்துத் துடைச்சு வெச்சேன். ரொம்பத் தூசி." டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "நல்லவேளை, ஞாபகம் வந்தது. டாக்டர் போன் பண்ணினாரு."

"என்னவாம்?" கண்ணாடிக்காரரின் குரல் பரண் உயரத்திலிருந்து ஈனமாக வந்தது.

"இந்த வாரம் நீங்க நடக்க வேண்டாமாம். வீட்டுலயே ஓய்வா இருக்கணுமாம்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார் கண்ணாடிக்காரர். பல் டாக்டருடைய கார். ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தது பல் டாக்டர் இல்லை, அவருடைய சம்சாரம்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

டீச்சர் வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பரீட்சைத்தாளில் சுழி போடுவாரே, அதே முகம்.

"பால் வாங்கிட்டு வந்துடறேங்க."

கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தார். போன் அடித்தது. பல் டாக்டர்.

"என் சம்சாரம் கார் சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாய்யா. எங்கன்னு கேட்டா, அவசரமா ஒரு பல் பிடுங்கணுமாம். அவளுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? நீ டிக்கெட்டை எடுத்துக்கிட்டியா? எங்க நிக்கறே?"

"டிக்கெட்டுதான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

அந்தப் பக்கம் பல் டாக்டர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

சாயங்காலம் மெல்ல நகர்ந்தது. கண்ணாடிக்காரர் டிவியைப் போட்டார், அணைத்தார். நாலாம் பாகத்தில் மரங்கொத்தியின் அலகு உடையும் என்று விளம்பரத்தில் காட்டியிருந்தார்களே, உடைந்ததா? கண்ணாடியை எங்கே மாட்டினான்? இந்நேரம் இடைவேளை விட்டிருப்பார்கள். ஒருவருக்கும் ரிமோட் கிடையாது, ஒருவரும் நிறுத்த மாட்டார்கள், படம் நதி மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு அழுகை வரும்போலிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்து, தேய்த்து வைத்த துணிகளையே மறுபடி தேய்த்தார்.

நன்றாக இருட்டிய பிறகு டீச்சர் வந்தார். முகம் மலர்ந்து கிடந்தது. கை வெறுங்கை. கைப்பையிலிருந்து ஒரு அட்டை அலகு நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, எதையோ நினைத்துக்கொண்டு தானாகச் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டைவரை வந்துவிட்டது. படம் எப்படி? அலகு என்ன ஆச்சு? வில்லன் யாரு? ஆனால் பால் வாங்கப் போனவரிடம் படம் எப்படி என்று எந்த வாயால் கேட்பது? ஒரு வார்த்தை கேட்டால் எல்லாவற்றையும் கேட்க வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"களைப்பா இருக்கியேம்மா" என்றார் கடைசியில். "டீ போடட்டுமா?"

"போடுங்க" என்றார் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடியே. "பால் ஃப்ரிட்ஜுலயே இருக்கு."